புலிப்பாலும் டி.ஜே.யும்

பெரு நாட்டுச் சமையலில் 'லெச்சே தே திக்ரே' என்று ஒரு சமாசாரம் உண்டு. ஸ்பானிஷ் மொழியில் 'புலிப்பால்' என்று அர்த்தம். ஐயப்பன் கதை கேட்டு வளர்ந்த நமக்குப் புலிப்பால் லேசில் கிடைக்கிற வஸ்து அல்ல. லிமா நகரத்தில் ரொம்ப சுலபம். பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் போட்டு, உப்பு, மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி சேர்த்துப் புரட்டினால் அடியில் வெளுப்பாக ஒரு சாறு தங்கும். அதுதான் புலிப்பால். ராத்திரி ஜாஸ்தி குடித்துவிட்டவர்கள் காலையில் இதை ஒரு சின்ன கிளாஸில் வாங்கி மடக்கென்று விழுங்கினால் மண்டையிடி போய்விடும் என்பது அங்கே பரவலான நம்பிக்கை.

இந்தப் புலிப்பாலை நான் சாப்பிட்டது லிமாவில் இல்லை, லண்டனில். அதுவும் முப்பது அடி தூரத்தில் ஒரு பெண் நெருப்பை விழுங்கிக்கொண்டிருந்தபோது.

ரெஸ்டாரெண்டின் பெயர் வேண்டாம். ஏனென்றால் இது ஒரு கடையைப் பற்றிய புகார் இல்லை. இது ஒரு ஜாதிக் கடை. லண்டன், மயாமி, துபாய், லாஸ் வேகாஸ் என்று பணம் புழங்கும் ஊர்களில் எல்லாம் இருக்கிறது. பெருவும் ஜப்பானும் கலந்த சமையல், ராத்திரி எட்டு எட்டரைக்கு மேல் டி.ஜே., நடனம், தீப்பந்தம். சாப்பிடப் போகிறோமா, டான்ஸ் பார்க்கப் போகிறோமா என்று வாசலில் நிற்கும் கறுப்பு சூட் ஆசாமிக்கே நிச்சயமாகத் தெரியாது.

பெருவுக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம்? நடுவில் பசிபிக் சமுத்திரம் முழுசாகக் கிடக்கிறதே? சம்பந்தம், கரும்பு.

1899 பிப்ரவரி கடைசியில் யோகோஹாமாவிலிருந்து 'ஸகுரா மாரு' என்று ஒரு கப்பல் கிளம்பி, ஏப்ரல் 3ஆம் தேதி லிமாவின் துறைமுகமான கயாவோவில் போய் நின்றது. உள்ளே 790 ஜப்பானியக் கூலிகள். எல்லோரும் கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தம் ஆனவர்கள். நாலு வருஷம் வெட்டிவிட்டு, கையில் காசோடு ஊருக்குத் திரும்பலாம் என்று நம்பி வந்தவர்கள். பலர் நோயில் செத்துப் போனார்கள். பிழைத்தவர்களில் பலர் திரும்பவில்லை. நமக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்குப் போனவர்களும் கரும்பு வெட்டத்தான் போனார்கள்.

தோட்டத்தை விட்டு வெளியேறிய ஜப்பானியர்கள் லிமாவுக்கு வந்து சலூன் வைத்தார்கள், மளிகைக்கடை வைத்தார்கள், சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். ஊரிலிருந்து மிஸோ, சோயா எல்லாம் நினைத்தபோது வரவழைக்க முடியாது. ஆனால் எதிரே இருந்த கடலில், ஹம்போல்ட் நீரோட்டத்தின் குளிர்ந்த தண்ணீரில், மீன் கொட்டிக் கிடந்தது. உலகத்திலேயே ஒரே இன மீன் அதிகமாகப் பிடிபடுவது பெருவின் கடலில்தான். அதுவும் நம்ம நெத்திலிக்குச் சித்தப்பா பிள்ளை முறை.

பெருக்காரர்களுக்கு செவிச்சே தெரியும். பச்சை மீனை எலுமிச்சையில் மணிக்கணக்கில் ஊறப் போட்டு, அது வெந்த மாதிரி வெளுத்த பிறகு சாப்பிடுவார்கள். ஜப்பானியர்கள் பார்த்தார்கள். 'நல்ல மீனை ஏன் இப்படிப் பாழ் பண்ணுகிறீர்கள்?' என்று மனசுக்குள் கேட்டிருப்பார்கள். ஊறும் நேரத்தை நிமிஷங்களாகக் குறைத்தார்கள். அப்புறம் ஸஷிமி மாதிரி மெல்லிசாகச் சீவி, தட்டில் அடுக்கி, பரிமாறுகிற சமயத்தில் சாற்றை ஊற்றினார்கள். அதுதான் டிராடிட்டோ. பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, ஆலிவ் சாஸில் போட்டு ரோஸிட்டா யிமுரா என்ற அம்மாள் பிரபலப்படுத்தினார். இன்றைக்கு அது லிமாவின் சொந்தப் பண்டம். இந்த வகைச் சமையலுக்கு 'நிக்கேய்' என்று பேர். கடல் கடந்து குடியேறிய ஜப்பானியர்களையும் அவர்கள் வாரிசுகளையும் குறிக்கும் வார்த்தை.

நடுவில் ஒரு கறுப்பு அத்தியாயமும் இருக்கிறது. 1940 மே மாதம் லிமாவில் கலவரம். ஜப்பானியர்களின் கடைகளையும் வீடுகளையும் சூறையாடினார்கள். அடுத்து உலகப்போர் சாக்கில் சுமார் 1,800 பேரைப் பெரு அரசாங்கம் பிடித்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றியது. அங்கே டெக்ஸஸ் போன்ற இடங்களில் முள்வேலி முகாம். போர் முடிந்தபின் அவர்களில் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளப் பெரு மறுத்துவிட்டது. அதே நாட்டில் 1990இல் ஜப்பானியக் குடியேறிகளின் மகன் ஃபுஜிமோரி ஜனாதிபதி ஆனார். அவர் அப்புறம் ஜெயிலுக்குப் போனது வேறு கதை.

இத்தனையையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. தட்டில் வைக்கிற அந்த எட்டுத் துண்டு மீனுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுப் பாடு இருக்கிறது.

இதை உலக மேஜைக்குக் கொண்டுவந்தவர் நோபு மட்ஸுஹிஸா. ஜப்பானில் சுஷி கற்றவர். 1973இல், 24 வயதில், லிமாவுக்கு வந்து கடை போட்டார். அங்கேதான் மிளகாயையும் கொத்தமல்லியையும் எலுமிச்சையையும் பச்சை மீனோடு சேர்த்துப் பார்த்தார். பிறகு அலாஸ்காவில் போட்ட ரெஸ்டாரெண்ட் திறந்த சில வாரங்களிலேயே எரிந்து போயிற்று. மனிதர் தளரவில்லை. 1987இல் பெவர்லி ஹில்ஸில் ஒன்று. அங்கே சாப்பிட வந்த நடிகர் ராபர்ட் டி நீரோ கூட்டுச் சேர, 1994இல் நியூயார்க்கில் 'நோபு'. மிஸோவில் ஊறவைத்து வாட்டிய ப்ளாக் காட் மீன் அவர் கைவண்ணத்தில்தான் உலகப் பிரசித்தம் ஆனது. இன்று அதைக் காப்பியடிக்காத ஐந்து நட்சத்திர ஹோட்டல் கிடையாது.

லிமாவும் சும்மா இல்லை. அங்கே பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர் மிட்ஸுஹாரு ட்ஸுமுரா 2009இல் திறந்த 'மைதோ', 2025இல் உலகின் 50 சிறந்த ரெஸ்டாரெண்டுகள் பட்டியலில் முதலிடம் பிடித்தது. செவிச்சேயை 2023இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

சரி, லண்டனுக்கு வருவோம்.

என்னை அழைத்துப் போனவன் சிநேகிதரின் மகன். வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. ஏழரை மணிக்கு டேபிள். இரண்டு மணி நேரம்தான், ஒன்பதரைக்கு எழுந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே மெசேஜ் வந்துவிட்டது. நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியில் பின்னால் ஆள் நிற்பதை மேல்நாட்டு நாகரிகத்தில் இப்படிச் சொல்கிறார்கள்.

உள்ளே இருட்டு. கறுப்புச் சுவர், நியான் வெளிச்சம், சுவர் முழுக்க முகமூடி ஓவியம். மெனுவைப் படிக்க எல்லா மேஜையிலும் செல்போன் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தது டிராடிட்டோ. யெல்லோ டெயில் மீன், மேலே அஹி அமரியோ சாஸ். இது பெருவின் மஞ்சள் மிளகாய். நிறம் மாம்பழக் கூழ் மாதிரி. காரம் நாக்கில் சட்டென்று அறையாமல், பின்னால் வந்து தோளைத் தொடுகிறது. நம்ம மிளகாயும் அந்தக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்ததுதான். ஆகவே முதல் வாயிலேயே ஏதோ பழைய உறவுக்காரரைப் பார்த்த உணர்ச்சி. எலுமிச்சை அளவு கச்சிதம். மீனின் எண்ணெய்ப் பிசுக்கை அது துடைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறது. சத்தியமாக நல்ல சமையல். உள்ளே யாரோ ஒருத்தர் அக்கறையோடு கத்தி பிடித்திருக்கிறார்.

அடுத்தது கௌசா. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து, ஆறவைத்து, நடுவில் நண்டு. போண்டாவுக்குள் இருக்கிற மசாலா எண்ணெயில் குதிக்காமல் தப்பித்துப் படித்து முன்னேறினால் இப்படித்தான் இருக்கும். உருளைக்கிழங்கே ஆண்டிஸ் மலைக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த சீதனம். அதை அவர்கள் சமைத்தால் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

சைவர்களுக்கும் வழி இருக்கிறது. மிஸோ தடவி வாட்டிய கத்திரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பெரிய பல் மக்காச்சோளம். கத்திரிக்காய் வெண்ணெய் மாதிரி. அதற்கு மட்டும் இன்னொரு தட்டு சொன்னோம்.

எட்டரைக்கு விளக்கு இன்னும் மங்கியது. அதுவரை அடக்கி வாசித்துக்கொண்டிருந்த டி.ஜே. நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜையில் தண்ணீர் கிளாஸ் நடுங்க ஆரம்பித்தது.

முதலில் இறகுக் கிரீடம் வைத்த இரண்டு பெண்கள் மேஜைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டு வந்தார்கள். பிறகு வெள்ளைப் பூச்சு முகத்தோடு, கையில் விசிறியோடு ஒருத்தர். பிறகு நெருப்புப் பெண். நாலு மேஜை தள்ளி யாருக்கோ பிறந்தநாள், பாட்டிலில் மத்தாப்பு கொளுத்திக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். எங்கள் ப்ளாக் காட் அந்தச் சமயம் பார்த்துத்தான் வந்தது. பரிமாறும் பையன் குனிந்து என் காதில் ஏதோ விளக்கினான். எந்தத் தோட்டத்து மிளகாய், எத்தனை மணி நேரம் மிஸோவில் ஊறியது என்று சொல்லியிருக்கலாம். 'தீப்பிடித்துவிட்டது, ஓடுங்கள்' என்று சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன்.

நடனக்காரர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள். ஆனால் இறகுக் கிரீடம் பிரேசில் கார்னிவல் பாணி. பாட்டு போர்ட்டோரீக்கோவின் ரெகேடோன். விசிறியும் வெள்ளை முகமும் சினிமாவில் பார்த்த ஜப்பான். பெரு எங்கே? பெரு சமையலறையோடு சரி.

இத்தனைக்கும் சாப்பாட்டோடு ஆட்டம் பாட்டம் என்பது பெருவுக்கு அன்னியமே இல்லை. லிமாவில் 'பேன்யா' என்று கூடங்கள் இருக்கின்றன. சாப்பாடு வரும், பீஸ்கோ வரும், ஒருத்தர் கிடார் வாசிப்பார், ஒருத்தர் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே தட்டுவார். அந்தப் பெட்டிக்குப் பேர் கஹோன். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், சரக்குப் பெட்டியைத் தட்டியே உண்டாக்கின வாத்தியம். 1970களின் கடைசியில் பாகோ டி லூசியா அதை ஸ்பெயினுக்கு எடுத்துப் போய் ஃப்ளமெங்கோவில் சேர்க்க, இன்று நம்ம ஊர் மேடைகளில்கூடப் பெட்டி மேல் உட்கார்ந்து தட்டுகிறார்கள். கரும்பு வெட்ட வந்தவர்களின் மீனுக்கு, அடிமையாக வந்தவர்களின் தாளம். எப்பேர்ப்பட்ட ஜோடி! ஒரு கஹோன், ஒரு கிடார், ஒரு குரல். நெருப்பு விழுங்குவதைவிடச் செலவு குறைவாகவே ஆகும்.

இதைத்தான் என் சிநேகிதர் மகனிடம் கத்திச் சொன்னேன். கத்தினால்தான் கேட்கும்.

"அங்கிள், நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா இங்கே யாரும் சரித்திரம் படிக்க வரலை. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஸ்க்ரீனைப் பார்த்துட்டு வர்றோம். ஒரு ஃப்ரைடே நைட், நாலு பேர், சத்தம், நல்ல சாப்பாடு. அமைதியா சாப்பிடணும்னா வீட்டிலேயே தயிர் சாதம் சாப்பிடலாமே?"

"தயிர் சாதத்துக்குக் கவர் சார்ஜ் கிடையாதுப்பா" என்றேன்.

சிரித்தான். ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இதை ஒதுக்கிவிட முடியாது. சாப்பாட்டுக் கூடம் என்பது கோயில் இல்லை. பாரிஸில் 'லிடோ' 1946லேயே டின்னரோடு ஷோ காட்டி, முக்கால் நூற்றாண்டு ஓட்டியது. 2022இல்தான் அந்த ஆட்டத்தை நிறுத்தினார்கள். அதோடு, இந்த மாதிரிப் பளபளப்புக் கடைகள் இல்லாவிட்டால் அந்தப் பையனுக்கு 'நிக்கேய்' என்ற வார்த்தையே தெரிந்திருக்காது. கூலிக்காரனின் சாப்பாடு ராஜ மேஜைக்கு வந்தது நல்ல விஷயம்தான். நம்ம பரோட்டாவும் கூழும் நட்சத்திர ஹோட்டல் மெனுவில் ஏறும்போது நாம் சந்தோஷப்படவில்லையா?

என் சண்டை வேறு. நம்ம ஊர் கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசைக் கச்சேரி வைக்கிறார்களே, அதில் யாரும் பாட்டையும் கேட்பதில்லை, பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வதும் கேட்பதில்லை. ஆனால் புத்திசாலிகள், பந்தியை மட்டும் தனி ஹாலில் வைத்துவிடுகிறார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் அப்பளம் உடைகிற சத்தம் கேட்கும். லண்டன்காரர்கள் பந்தியையும் கச்சேரியையும் ஒரே ஹாலில் போட்டுவிட்டார்கள்.

இதில் நாக்கு சம்பந்தப்பட்ட விஞ்ஞானமும் கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015இல் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். விமானத்துக்குள் கேட்கிற மாதிரி சுமார் 85 டெசிபல் இரைச்சலைக் காதில் போட்டுவிட்டுச் சுவை பார்க்கச் சொன்னார்கள். இரைச்சலில் இனிப்பு மட்டுப்பட்டது. உமாமி என்கிற ஐந்தாவது சுவை மட்டும் தூக்கலாகத் தெரிந்தது. உமாமிக்குப் பேர் வைத்தவரே ஒரு ஜப்பானியர்தான், டோக்கியோவில் 1908இல் கிகுனாயே இகேதா. சோயா, மிஸோ, தக்காளி எல்லாம் அந்தச் சுவையின் கஜானா.

இந்தத் தகவலோடு அன்றைய சாப்பாட்டைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். எட்டரைக்கு முன்னால் சாப்பிட்ட டிராடிட்டோவின் ஒவ்வொரு அடுக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் வந்ததில் ப்ளாக் காட் மட்டும்தான் நெருப்பையும் ரெகேடோனையும் எதிர்த்து நின்றது. மிஸோவின் பலம். கடைசியில் வந்த இனிப்பு, லூக்குமா என்ற பெருவின் பழத்தில் செய்த ஐஸ்கிரீம், வாயில் போனதே தெரியவில்லை, வெறும் குளிர்ச்சி. பாவம், சமையல்காரர். காலையிலிருந்து கஷ்டப்பட்டு நாலு அடுக்குச் சுவை கட்டுகிறார். ராத்திரி எட்டரைக்கு முதலாளியே வந்து மூன்று அடுக்கை இடித்துவிடுகிறார்.

முதலாளிக்கு என்ன லாபம்? கணக்கு எளிது. நல்ல மீன் விலை ஜாஸ்தி, அழுகும், வெட்டக் கைதேர்ந்த ஆள் வேண்டும். காக்டெயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. பீஸ்கோ சாராயம், எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, முட்டை வெள்ளைக்கரு, குலுக்கி ஊற்றினால் பீஸ்கோ ஸவர். சத்தத்தில் பேச முடியாதவன் குடிப்பான். ஆட்டம் பார்ப்பவன் இன்னொன்று சொல்வான். மீன் ஆளை உள்ளே இழுக்கிறது, கிளாஸ் வாடகை கட்டுகிறது. ஆகவே அந்த நெருப்புப் பெண் காட்டுவது வெறும் கேளிக்கை இல்லை, வியாபாரத்தின் எஞ்சினே அதுதான்.

பில் வந்தது. தொகையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். அடியில் 15 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் நம் இஷ்டம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். தயங்காமல் கொடுத்தோம். 2024 அக்டோபரிலிருந்து பிரிட்டனில் சட்டம் வந்துவிட்டது, டிப்ஸ் பணத்தில் முதலாளி கை வைக்கக்கூடாது, முழுசும் ஊழியர்களுக்கே போகவேண்டும். அன்றைய செலவில் எங்கே போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்த பகுதி அது ஒன்றுதான்.

தீர்ப்பு என்று கேட்டால்: சமையலுக்குப் பத்துக்கு எட்டு. ஆட்டத்துக்கு, ஆட்டமாக மட்டும் பார்த்தால், ஆறு. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்ததற்கு மூன்று. கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். நல்ல ஃபில்டர் காபியையும் நல்ல ரசத்தையும் ஒரே டம்ளரில் ஊற்றினால் சராசரி வராது.

போகவே கூடாதா? தாராளமாகப் போங்கள். வெளிநாடு போகிற பிள்ளைகள் இப்படி ஒரு இடத்துக்கு அழைத்தால் தட்டிக் கழிக்க வேண்டாம். ஆனால் கடை திறக்கிற நேரத்துக்கே, ஆறு மணிவாக்கில், டேபிள் கேளுங்கள். முடிந்தால் சுஷி வெட்டுகிறவருக்கு எதிரே கவுன்ட்டரில் உட்காருங்கள். அந்தக் கத்தி நகர்வதே போதுமான ஷோ. பச்சை மீன் வகைகளை முதலில் சொல்லுங்கள். மிஸோ, சோயா போட்டதையெல்லாம் கடைசிக்கு ஒதுக்குங்கள், சத்தம் வந்தாலும் அவை தாங்கும். இனிப்பு வேண்டும் என்றால் ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

உட்கார்ந்ததும் பரிமாறுகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "இந்தச் சாஸில் என்ன மிளகாய் போட்டிருக்கிறீர்கள்?" முகம் மலர்ந்து அவர் அஹி அமரியோவைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினால், சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பதிலுக்கு, "ஷோ எட்டரைக்கு ஆரம்பிக்கும் சார்" என்று சொன்னால், ஒரு புலிப்பால் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.